பால் கறக்கத் தெரியாதவர்களின் பால் பண்ணை... சோசுவாவில் யூதர்கள் கரையேறிய கதை!

டொமினிகன் குடியரசின் கடைகளில் ‘சோசுவா’ என்ற பெயரில் சீஸும் வெண்ணெயும் கிடைக்கும். அந்த நாட்டுக்காரர்களுக்கு நன்கு தெரிந்த பிராண்ட் அது. அதைத் தொடங்கியவர்கள் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் யார் என்பதில்தான் கதையின் நெருடலே இருக்கிறது.

கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. அதன் மேற்குப் பகுதி ஹைட்டி, கிழக்குப் பகுதி டொமினிகன் குடியரசு. டொமினிகன் பக்கத்தின் வடகரையில் இருக்கும் சின்ன ஊர்தான் சோசுவா.

1938 ஜூலை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்கள் வேலையை, வீட்டை, குடியுரிமையை இழந்து நின்ற நேரம். அவர்களை யார் ஏற்றுக்கொள்வது என்று பேச பிரான்ஸின் ஈவியான் நகரில் 32 நாடுகள் கூடின. ஏரிக்கரையில் சொகுசு ஹோட்டல், ஒன்பது நாள்கள் பேச்சு. எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால், பெரிய நாடுகள் எதுவும் கதவைத் திறக்கவில்லை. ‘நாங்கள் ஒரு லட்சம் பேர் வரை எடுத்துக்கொள்கிறோம்’ என்று முன்வந்தது டொமினிகன் குடியரசு.

அந்த நாட்டை அப்போது ஆண்டவர் ரஃபேல் ட்ருஹியோ. தலைநகருக்கே தன் பெயரைச் சூட்டிக்கொண்ட சர்வாதிகாரி. அதற்கு முந்தைய ஆண்டு, 1937 அக்டோபரில், அவருடைய உத்தரவின்பேரில் எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹைட்டிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கையில் ஒரு பார்ஸ்லி கொத்தைக் காட்டி, அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். உச்சரிப்பு பிசகினால் ஹைட்டிக்காரர் என்று முடிவுகட்டி உயிரை எடுத்தார்களாம். ‘பார்ஸ்லி படுகொலை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

அப்படிப்பட்டவருக்கு யூதர்கள் மேல் ஏன் திடீர் கரிசனம்? ரத்தக்கறை படிந்த பெயரை அமெரிக்காவின் முன் கழுவிக்கொள்ள ஒரு வாய்ப்பு. கூடவே, தன் நாட்டில் வெள்ளைத்தோல்காரர்கள் பெருக வேண்டும் என்ற ஆசை. ஐரோப்பாவில் எந்த இனத்தின் பெயரால் விரட்டப்பட்டார்களோ, இங்கே நிறத்தின் பெயரால் வரவேற்கப்பட்டார்கள்!

1940 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி ஒரு காலத்தில் வாழை பயிரிட்ட சுமார் 26,000 ஏக்கர் நிலத்தில் குடியேற்றம் தொடங்கியது. அமெரிக்க யூத அமைப்பு ஒன்று பணம் கொடுத்தது. ஒவ்வொரு குடியேறிக்கும் 80 ஏக்கர் நிலம், 10 மாடுகள், ஒரு கோவேறு கழுதை, ஒரு குதிரை என்று திட்டம்.

வந்தவர்களில் பலர் வியன்னா, பெர்லின் போன்ற நகரங்களில் வளர்ந்தவர்கள். மாட்டின் மடியைத் தொட்டுப் பார்த்திராதவர்கள். கொளுத்தும் வெயில், கொசு, மலேரியா, புரியாத ஸ்பானிய மொழி. ஆரம்பத்தில் காய்கறி பயிரிட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகுதான் பாலுக்கு மாறினார்கள். கூட்டுறவு முறையில் பால் பண்ணை, சீஸ் ஆலை, இறைச்சி ஆலை என்று வளர்ந்தது. யூத மதத்தில் பன்றி இறைச்சி விலக்கு என்றாலும், அந்த ஆலையில் அதுவும் தயாரானது. மதக் கட்டுப்பாடுகளில் அவ்வளவு இறுக்கம் காட்டாதவர்களே அங்கு அதிகம். வந்தவர்களில் இளைஞர்கள் மிகுதி, பெண்கள் குறைவு. பல ஆண்கள் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

சரி, அந்த ஒரு லட்சம்? ஆயிரம் பேர்கூட சோசுவாவுக்கு வந்து சேரவில்லை. போரால் கப்பல் கிடைக்கவில்லை. அகதிகளோடு ஜெர்மானிய ஒற்றர்களும் நுழைந்துவிடுவார்கள் என்று அமெரிக்கா பயந்தது. 1941 அக்டோபரில் யூதர்கள் வெளியேறுவதையே ஜெர்மனி தடைசெய்தது. ஆனாலும் டொமினிகன் அரசு வழங்கிய விசாக்கள் சுமார் 5,000. அந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்காத சிலருக்கும், ஐரோப்பாவைவிட்டு வெளியேற அந்தக் காகிதம் உதவியது.

ஒரு கொலைகாரர் நீட்டிய கையைப் பிடித்துத்தான் கரையேறினோம் என்பதை அங்கு வந்தவர்களும் அறியாமல் இல்லை. அந்த நேரத்தில் வேறு எந்தக் கையும் நீளவில்லையே!

போர் முடிந்ததும் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். 1961 மே 30-ம் தேதி ட்ருஹியோ சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் தலைநகர் பழையபடி சாண்டோ டொமிங்கோ ஆனது. சோசுவா இன்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கடற்கரை நகரம். ஹோட்டல்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் நடுவே, அன்று வந்தவர்கள் மரத்தால் கட்டிய சிறிய யூத ஆலயம் இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம். குடியேற்றத்தை வழிநடத்திய வேளாண் நிபுணர் ஜோசப் ரோசன் பெயரில் ஒரு தெருவும் உண்டு.