முறுக்கும் அளவும்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் உதகைக்கு ஏறிச் செல்வோர் இருமருங்கும் உள்ள காடுகளையும் அருவிகளையும் கண்டு மகிழ்வர். ஆயினும் வண்டியின் அடியிற் கிடக்கும் ஒரு பொருளை அவருட் பெரும்பாலார் நோக்குவதில்லை. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, தண்டவாளங்களின் நடுவில், பற்கள் வெட்டிய எஃகுச் சட்டங்கள் இரண்டு இணையாகச் செல்கின்றன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் இடைவெளி அமைந்திருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியியலறிஞர் ரோமன் ஆப்ட் என்பார் கண்ட முறை இது. எஞ்சினிலுள்ள பற்சக்கரம் இப்பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியைப் பின்னின்று தள்ளுகிறது. 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் அடைந்த இப்பாதை, 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

அப்பற்சட்டங்களைத் தாங்கிகளோடு பிணித்து வைத்திருப்பவை சிறிய மரையாணிகளே. அவை தளர்ந்தால் சட்டம் அசையும். சட்டம் அசைந்தால் பற்சக்கரம் பல்லைச் சரிவரப் பற்றாது. அங்ஙனமாயின் மரையாணியை இயன்ற மட்டும் இறுக்கிவிடுவதே நன்று என மாணவர்களே, நீவிர் எண்ணக்கூடும். பட்டறைகளிலும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து.

மரையாணி பார்வைக்குக் கட்டை போன்றதாயினும் இயல்பில் ஒரு சுருள்வில்லே. மரையைத் திருகுந்தோறும் ஆணி மயிரிழையளவு நீளுகிறது. நீண்ட ஆணி பழைய நிலைக்கு மீள முயல்கிறது. அம்முயற்சியே இரு பொருள்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. எல்லை கடந்து முறுக்கினாலோ ஆணி நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். மீளும் ஆற்றல் குன்றிவிடும். சில வேளை அன்றே முறியாமல், பல நாள் அதிர்ச்சி தாங்கிய பின் ஒருநாள் முறியும். வீணையின் பிரடையைத் திருகுவோர் இதனை நன்கறிவர். தளர்ந்த நரம்பும் இசை தாராது. மிக முறுக்கிய நரம்பும் அறுந்துபோம்.

முறுக்கின் அளவை எங்ஙனம் அறிவது? விசையைத் திருகுகோலின் நீளத்தால் பெருக்கினால் வருவதே முறுக்குவிசை. அரை மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியில் 200 நியூட்டன் விசையைச் செலுத்தினால், அஃதாவது ஏறத்தாழ 20 கிலோகிராம் எடை அழுத்துமாறு அழுத்தினால், 100 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை பிறக்கும். இதனை அளந்து காட்டும் திருகுகோலை 1918-இல் நியூயார்க்கு நகரக் குடிநீர்த் துறையைச் சேர்ந்த கான்ராட் பார் என்பவர் அமைத்தார் என்பர். குழாய்களின் விளிம்புகளை இணைக்கும் மரையாணிகளை ஆட்கள் அளவு மீறி முறுக்குவதைத் தடுக்கவே அவர் அதனை ஆக்கினார். ஒருவன் வலிமை குறைந்ததால் அன்று, வலிமை மிகுந்ததால் பிறந்த கருவி இது! பட்டறைகளில் இதனை 'டார்க் ரெஞ்சு' என்று வழங்குவர்.

அழுத்தக் காற்றாலும் மின்சாரத்தாலும் இயங்கும் திருகுபொறிகள் வந்தபின் இடர் பெரிதாயிற்று. கையால் திருகுவோனுக்கு மரையின் எதிர்ப்பு தோள்வரை எட்டும். சம்மட்டிபோல் அடித்தடித்துத் திருகும் பொறியைப் பிடித்தவன் காதில் பேரோசையே விழும்; மரை எவ்வளவு இறுகியது என்பதை அவன் கை உணராது. ஆதலின் பொறியே நிற்கக் கற்கவேண்டியதாயிற்று. சிறு உருண்டைகளும் சுருள்வில்லும் கொண்ட கிளட்சு அதற்கு முதலில் உதவியது. எதிர்ப்பு குறித்த அளவை எட்டியதும் வில் ஒடுங்க, உருண்டைகள் குழியினின்று விலக, திருகுதல் நின்றுவிடும்.

அளக்கும் வகையிலோ மின்சாரம் துணைசெய்தது. கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதை 1856-இலேயே கெல்வின் பெருமகனார் கண்டறிந்திருந்தார். எண்பதாண்டுகளுக்கு மேல் அவ்வுண்மை பெரிதும் பயன்படாமற் கிடந்தது. 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்சும், நிலநடுக்கம் நீர்த்தொட்டிகளைத் தாக்கும் வகையை ஆராய்ந்த ஆர்தர் ரூகேவும் தனித்தனியே அதனின்று திரிபு அளவியை ஆக்கினர். இன்று அத்தகைய அளவி திருகுபொறியின் தண்டில் ஒட்டப்படுகிறது. தண்டு முறுகுந்தோறும் மின்தடை மாற, பொறி தன் முறுக்குவிசையைத் தானே அறிந்து, குறித்த அளவில் நின்று, ஒவ்வொரு மரையின் கணக்கையும் எழுதி வைக்கிறது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நாம் செலுத்தும் முறுக்கில் பத்தில் ஒரு பங்கே ஏறத்தாழ ஆணியை நீட்டுகிறது. எஞ்சியதெல்லாம் மரையின் அடியிலும் புரிகளிலும் உராய்வாகக் கழிகிறது. ஆகவே ஒரு துளி எண்ணெய் பட்டாலும், அதே முறுக்குவிசையில் ஆணி மிகுதியாக நீண்டுவிடும். இதனை உணர்ந்தோர், முறுக்குவிசையோடு மரை திரும்பிய கோணத்தையும் சேர்த்து அளக்கும் பொறிகளை அமைத்தனர். அளவுகோல் வாங்கியவுடன் அறிவு வந்துவிட்டதாகக் கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக.

கைப்பழக்கம் மிக்க தொழிலாளிக்கு அளவி எதற்கு என வினவுவோர் உளர். அத்தகையோர் கையை யானும் மதிக்கின்றேன். ஆயினும் மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி பெய்த விடியலில் மரத்துப்போன விரலும், மாலையில் களைத்த தோளும், காலை பத்து மணிக்கு இருந்த கணக்கையே தருமோ? மேலும், அக்கை தன் வலிமையைக் கொண்டு திருகியகாலையே நம்பத்தக்கதாய் இருந்தது. கடன் வாங்கிய வலிமைக்கு அது சான்று கூற இயலாது.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 36 உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் புறச் சக்கரங்களின்மேற் சாய்கிறது. அச்சக்கரங்களைச் சாலையோரக் கடையில் மாட்டும்போது, திருகுபொறியை அது கத்துமட்டும் அழுத்தி, போதும் என்று எடுத்துவிடுவதைப் பல இடங்களில் காணலாம். பொறியால் மெல்லத் தொடங்கி, அளவியால் முடிப்பதற்குச் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் மிகுதியாகச் செல்லும். திருகுபொறி வாங்கும் கடை எதுவும் அளவியின்றி இருத்தலாகாது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் அளவியைப் பிடிக்கக் கற்ற பின்னரே பொறியை மாணவர் கையிற் கொடுத்தல் வேண்டும். சக்கரம் மாற்றிய பின் ஐம்பது அல்லது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மரைகளை மீண்டும் அளந்து பார்க்குமாறு வண்டி செய்வோர் பலர் கையேட்டில் எழுதியுள்ளனர். அக்கையேடோ, பெரும்பாலும் உறை பிரிக்கப்படாமலே வண்டியின் பெட்டியில் உறங்குகிறது.