கடற்கரையில் விருந்தினர் யார்?

பட்டினப்பாலை நடத்தி முடிக்கும் ஆண்டுகளில் மாணவர்களை ஒரு மாலைப் பொழுதிலேனும் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். பூம்புகார் தொலைவு, இங்கு வர மாநகரப் பேருந்தே போதும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுட்ட இறாலையும் வேகவைத்த ஆமையையும் தின்று, அடம்பு மலர் சூடி, மணல் திட்டில் கூடிக் கைகலந்து போர் விளையாடியதை உருத்திரங்கண்ணனார் விரிவாகவே பாடியிருக்கிறார். முழுநிலா நாளில் அவர்கள் கடல்மேற் செல்லாமல் சுறாக்கொம்பு நட்டு வழிபட்டார்கள், கள் அருந்தினார்கள், அலையில் ஆடினார்கள், நண்டை ஓடவிட்டுப் பார்த்தார்கள், மணலில் பாவை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் எவருக்கும் இவற்றில் பாதி கண்ணெதிரே தெரியும். ஆமையை மட்டும் சட்டம் காப்பாற்றிவிட்டது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டினப்பாலையில் உண்டு களித்தவர்கள் அந்தக் கரைக்குரிய மக்களே. பெசன்ட் நகரில் உண்பவர்கள் நாம். சமைத்துத் தருபவர்கள் அவர்கள். அதுவும் எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

பெசன்ட் நகர் 1970-களில் வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்பு. அதன் வடபுறம், அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் ஊரூர்க் குப்பமோ அதற்கு நெடுங்காலம் முந்தையது. வரலாற்று வரிசை இப்படியிருக்க, நம் பேச்சு வழக்கில் மட்டும் அது தலைகீழாகிவிடுகிறது. குடியிருப்பில் உள்ளவர்கள் ‘ஊர்க்காரர்கள்’ ஆகிறார்கள். குப்பத்தில் உள்ளவர்கள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ ஆகிறார்கள். கரையின் அடையாளமாக விளங்கும் வெண்ணிற நினைவுச் சின்னம்கூட 1930 டிசம்பரில் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் மாண்ட ஷ்மிட் என்னும் டேனிஷ்காரருக்கு உரியது. அதில் நமக்கு மனக்குறை இல்லை. வெளியூரார் உயிருக்கும் நன்றி சொல்லும் கரை அது. இதே அலைகளில் ஆண்டாண்டாகப் பிறரை இழுத்துக் கரை சேர்த்த குப்பத்து இளைஞர்களையும் நினைத்துப் பார்க்கலாம் என்றே சொல்கிறோம்.

கடற்கரைச் சாலையின் ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த உணவகங்கள். மறுபக்கம் மணலில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, கரியில் வாட்டிய சோளம். மீன் வறுக்கும் கடைகளில் மசாலா தடவி அடுக்கிய வஞ்சிரமும் நெத்திலியும் இறாலும். சாலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தரும் பில்லில் இந்தப் பக்கம் நால்வர் வயிறார உண்ணலாம். கடலைப் பார்த்துக்கொண்டு உண்பதற்கு அங்கே தனிக் கட்டணம் என்று எழுதிவைக்கவில்லை. விலையில் அது அடங்கியிருக்கிறது.

சென்ற முறை மாணவர்களோடு அமர்ந்திருந்த கடையில், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், “வியாபாரம் எப்படிம்மா?” என்று கேட்டோம். “வியாபாரத்துக்கு என்ன சார், நல்லாத்தான் போவுது. காலைல வண்டி வந்து தூக்கினு போயிடுமோன்னுதான் ராத்திரி தூக்கம் வர்ல” என்றார். பிறகு, எண்ணெய் தெறிக்கும், தள்ளி உட்காருங்கள் என்று ஒரு மாணவியை அதட்டினார்.

அந்த அச்சம் வீணானதன்று. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையில் இறங்கிப் போராட நேர்ந்தது. தங்கள் கரையின்மேல்தான் சாலை வந்தது, சாலையின்மேல் தாங்கள் வரவில்லை என்பது அவர்கள் வாதம். 2024-இல் அங்கே மீன் அங்காடி கட்டித் திறக்கப்பட்டது. ஏதோ ஒரு வழி பிறந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோர உயர்மட்டச் சாலை என்னும் திட்டமோ இருபது ஆண்டுகளில் பலமுறை தலைதூக்கியிருக்கிறது. அது வந்தால் ஊரூர்க் குப்பத்தின் வலைகள் எங்கே காயும்?

குடியிருப்போர் புகார்களை நாம் புறந்தள்ளவில்லை. 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட ஞெகிழித் தட்டும் குவளையும் இன்னும் மணலில் புதைந்து கிடக்கின்றன. பழைய எண்ணெயை மணலில் கொட்டும் கடையை நாமே கண்டு சண்டையிட்டிருக்கிறோம். ஆனால் இதற்கு மருந்து கடையைத் தூக்குவதன்று. குப்பைத் தொட்டி, குடிநீர்க் குழாய், கழிப்பறை, எண்ணெய் சேகரிக்க ஓர் ஏற்பாடு: இவை நான்கும் மாநகராட்சிக்கு எட்டாதவை அல்ல. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும் வரை எவரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் அச்சட்டமே சொல்கிறது. கடற்கரையை அழகுபடுத்தும் கூட்டங்களில் குடியிருப்போர் சங்கங்களுக்கு இடும் நாற்காலியில் ஒன்றை இந்த அம்மாவுக்கும் இட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அவர் வரும்போது எண்ணெயைப் பற்றியும் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

அன்று உண்டு முடித்ததும் அடம்பங்கொடியைக் காட்டுங்கள் என்று மாணவர்கள் பிடிவாதம் செய்தார்கள். விளக்குக் கம்பங்களின் கீழே எங்கும் தென்படவில்லை. குப்பத்துப் பக்கம் நடந்தோம். இழுத்து வைத்திருந்த ஃபைபர் படகுகளுக்குப் பின்னால், வலைக் குவியலை ஒட்டி அது படர்ந்திருந்தது. பூக்கள் மாலையில் வாடிச் சுருண்டிருந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “கொடியை மிதிச்சாலும் பரவால்ல, வலையை மிதிக்காதீங்க கண்ணுங்களா” என்றார்.