லூதர் எழுதிய இன்னொரு நூல்

வந்த நாட்டின் மொழியைப் படிக்கிறோம். சட்டங்களையும் ஓரளவு தெரிந்துகொள்கிறோம். வேலைக்கும் வீட்டுக்கும் ஓடித்திரியும் எமக்கு அந்நாட்டின் வரலாற்றைப் படிக்க நேரம் கிடைப்பதில்லை. ஆனால் எமது பிள்ளைகள் அதைப் பாடசாலையில் படிக்கிறார்கள். ஜேர்மனியில் ஒக்ரோபர் 31ஆம் திகதி வந்தால் மார்ட்டின் லூதரைப் பற்றிய பாடத்தோடு வீடு வருகிறார்கள். நவம்பர் 9ஆம் திகதி வந்தால் எரிக்கப்பட்ட யூத ஆலயங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். இவ்விரண்டு பாடங்களுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அதையே இம்முறை பார்ப்போம்.

1517ஆம் ஆண்டு விற்றன்பேர்க் நகரில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 95 கருத்துரைகளை வெளியிட்ட துறவி லூதர். வேதாகமத்தைச் சாதாரண மக்கள் விளங்கும் ஜேர்மன் மொழியில் தந்தவர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயரும் லூதரின் வழியில் வந்தவரே. அவ்வகையில் தமிழரான நாமும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அந்தப் பெருமையைக் குறைப்பது எமது நோக்கமல்ல. ஆனால் அதே கை எழுதிய இன்னொரு நூலையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் அக்காலத்து யூதர்களின் நிலையை விளங்கிக்கொள்வோம். 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் அவர்களைத் துரத்திவிட்டன. ஜேர்மன் நிலங்களில் அந்தந்தச் சிற்றரசர் விரும்பினால் இருக்கலாம், விரும்பாவிட்டால் வெளியேற வேண்டும். கைத்தொழில் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. வட்டிக்குப் பணம் கொடுப்பதே பலருக்கு எஞ்சிய பிழைப்பு. பிறகு வட்டிக்காரர் என்று அவர்களையே பழித்தார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கும் ஆட்சியாளரின் பாதுகாப்பு வேண்டும். வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த எமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் லூதர் இவர்களுக்குச் சார்பாகவே எழுதினார். இயேசு யூதராகப் பிறந்தவர் என்பதே அவர் 1523இல் வெளியிட்ட நூலின் தலைப்பு. திருச்சபை யூதர்களை நாய்களைப் போல நடத்தியது எனக் கண்டித்தார். அவர்களைத் தொழில் செய்ய விடுங்கள், கூடி வாழ விடுங்கள் என்றார். ஆனால் அந்த அன்பில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. நல்லபடி நடத்தினால் அவர்கள் மதம் மாறுவார்கள் என அவர் நம்பினார். பெரும்பாலானோர் மாறவில்லை.

1536இல் சக்சனியின் ஆட்சியாளர், தமது நிலத்தில் யூதர்கள் வசிக்கவும் கூடாது, அதைக் கடந்து செல்லவும் கூடாது எனத் தடைவிதித்தார். ஜேர்மன் யூதர்களின் சார்பில் அரசர்களிடம் பேசிவந்த ரோஸ்ஹைம் ஊர் யோசல் என்பவர், 1537இல் லூதரின் உதவியை நாடினார். ஆட்சியாளரிடம் தம்மக்களுக்காக ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். லூதர் மறுத்துவிட்டார்.

1543இல் வந்தது அந்த நூல். யூதர்களும் அவர்களது பொய்களும் என்பது அதன் தலைப்பு. அதில் ஆட்சியாளர்களுக்கு ஏழு ஆலோசனைகளை லூதர் வரிசைப்படுத்தினார். யூத ஆலயங்களையும் பாடசாலைகளையும் எரிக்க வேண்டும். வீடுகளை இடிக்க வேண்டும். செபநூல்களைப் பறிக்க வேண்டும். ரபிமார் கற்பிப்பதைத் தடுக்க வேண்டும். வீதிகளில் அவர்களுக்குள்ள பாதுகாப்பை நீக்க வேண்டும். வட்டித்தொழிலைத் தடைசெய்து பொன், வெள்ளியைக் கைப்பற்ற வேண்டும். இளையோரின் கையில் கோடரியும் மண்வெட்டியும் கொடுத்து வேலை வாங்க வேண்டும். 1546 பெப்ரவரியில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரும் எய்ஸ்லேபன் நகரில் யூதர்களுக்கு எதிராகவே பேசினார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே நினைத்தார்கள் எனச் சிலர் கேட்கலாம். பலர் அப்படி நினைத்தார்கள் என்பது உண்மை. ஸ்ட்ராஸ்பேர்க் சீர்திருத்தவாதி மார்ட்டின் பூற்சரும் யூதர்களைக் கடுமையாக ஒடுக்கும்படியே ஹெசன் ஆட்சியாளருக்கு ஆலோசனை கூறினார். ஆனால் எல்லோரும் அல்ல. நியூரன்பேர்க்கின் சீர்திருத்தவாதி ஒசியாண்டர், யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று இரத்தம் எடுக்கிறார்கள் என்ற கதை பொய்யென விளக்கிப் பெயரிடாமல் ஒரு சிறுநூல் எழுதினார். அதை எதிர்த்து 1541இல் நூல் எழுதியவர் கத்தோலிக்க அறிஞர் எக். சூரிச்சின் புல்லிங்கர், லூதரின் எழுத்தைக் கண்டித்தார். வேறுவிதமாக நினைக்க அக்காலத்திலும் முடிந்தது.

அன்றைய ஆட்சியாளர்கள் லூதர் சொன்ன அனைத்தையும் செய்யவில்லை. ஆனால் நூல் அழியவில்லை. அவரது தொகுப்பு நூல்களில் அது இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத எதிர்ப்பாளர்கள் அதைத் தேடி எடுத்தார்கள். 1938 நவம்பர் 9ஆம் திகதி இரவிலிருந்து 10ஆம் திகதி வரை ஜேர்மனி எங்கும் யூத ஆலயங்கள் எரிந்தன. நவம்பர் 10 லூதரின் பிறந்த நாள். துரிங்கியாவின் மார்ட்டின் சாசே என்ற பேராயர் அந்தப் பொருத்தத்தை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டி, லூதரின் வரிகளைத் தொகுத்துப் பிரசுரம் வெளியிட்டார். 1946இல் நியூரன்பேர்க் நீதிமன்றத்தில் நாசிப் பத்திரிகையாளர் ஸ்ரைக்கர், லூதரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் என வாதாடினார்.

இது சரியான கணக்கல்ல. ஞானஸ்நானம் பெற்ற யூதர் லூதருக்குக் கிறிஸ்தவர். ஹிட்லருக்கோ அவர் அப்போதும் யூதர்தான். இனவெறிக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஆயினும் கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பழிச்சொல், பக்கத்து வீட்டுக்காரரை இழுத்துச் செல்லும்போது பலரை வாய்மூடி நிற்கப் பழக்கிவிட்டது.

எல்லா நாட்டிலும் அப்படி நடக்கவில்லை. டென்மார்க்கும் லூதரின் வழிவந்த நாடே. 1943 ஒக்ரோபர் 3ஆம் திகதி, யூதர்களை வேட்டையாடுவதைக் கண்டித்த பேராயர்களின் கடிதம் அந்நாட்டுக் கோயில்களில் வாசிக்கப்பட்டது. 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் படகுகளில் சுவீடனுக்குக் கடத்தப்பட்டு உயிர்தப்பினார்கள். பிரான்சில் லு ஷம்போன் என்ற மலைக்கிராமத்தின் புரட்டஸ்தாந்து மக்களும் தப்பியோடி வந்தவர்களை ஒளித்துவைத்தார்கள். தம் முன்னோர் மதத்துக்காகத் துரத்தப்பட்டதை அவர்கள் மறந்திருக்கவில்லை.

1994இல் அமெரிக்க லூதரன் சபையும், 2015இல் ஜேர்மன் புரட்டஸ்தாந்து திருச்சபையின் பேரவையும் லூதரின் இவ்வெழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தன. விற்றன்பேர்க்கில் லூதர் பிரசங்கித்த கோயிலின் வெளிச்சுவரில், யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் பழைய கற்சிற்பம் ஒன்று உண்டு. அதை அகற்றக் கோரிய வழக்கு 2022இல் தோற்றது. 1988இல் அதன் கீழே நிலத்தில் பதித்த நினைவுத்தகடு, கொல்லப்பட்டோரை நினைவூட்டுகிறது. இகழ்ச்சியும் வருத்தமும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

பிள்ளைகள் கேட்டால் இரண்டு லூதரையும் சொல்லிக்கொடுப்போம். பெரியவர் சொன்னார் என்பதற்காக எல்லாம் சரியாகிவிடாது என்பது அவர்களுக்கு விளங்கும். கூடவே எமது வீட்டுப் பேச்சையும் கவனிப்போம். பக்கத்து மாடியில் குடியிருக்கும் வேறு நாட்டு அகதியை, வேறு மதத்தவரை, எமக்குள்ளேயே வேறு சாதியினரைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் நாம் சொல்வதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.