கருகிய தோலும் உதரவிதானமும்

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்து, 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உரிமம், உள்குத்தகை, மருந்துக் கலவை ஆகியவையே முன்னிற்கின்றன, அது நியாயமே. ஆயினும், இத்தகைய விபத்துகளில் வெந்தவர்களை முதலில் ஏற்று, மதுரைக்கு அனுப்பி வைக்கும் இவ்வட்டார வைத்தியர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் வேறு: கருகிய தோல் மூச்சை எப்படி முடக்குகிறது என்பது.

கீழ் ஆறு விலா எலும்புகளிலும் மார்பெலும்பின் நுனியிலும் இடுப்பு முள்ளெலும்புகளிலும் பற்றுக்கொண்டு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் நரம்பு வேர்களிலிருந்து இறங்கிவரும் பிரெனிக் நரம்பின் ஏவலால் இயங்கும் உதரவிதானம், சாதாரண சுவாசத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே கீழிறங்குகிறது. உட்சுவாசத்தின் பெரும்பகுதியை நிறைவேற்றுவது அந்த அற்ப அசைவுதான். ஆனால் அது இறங்க வேண்டுமாயின் கீழ் விலாக்கள் அகலவும், கல்லீரலும் குடலும் முன்தள்ளப்பட்டு வயிற்றுச்சுவர் இடங்கொடுக்கவும் வேண்டும். உடலைச் சுற்றி ஆழமாக வெந்த தோல், பதப்படாத மாட்டுத்தோல்போல் விறைத்துப்போக, நாமே ஏற்றும் திரவத்தால் அடித்திசு வீங்கிக்கொண்டே வரும்போது, நரம்பும் தசையும் பழுதற்றிருந்தும் உதரவிதானம் செயலற்றுப் போகிறது.

வெந்த தோலைக் கீறி மார்பை மட்டும் விடுவித்தால் போதும் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு, அவ்வெண்ணம் அபாயமானது. இருபுறமும் முன்அக்குள் கோட்டில் நெடுகக் கீறுவதோடு, விலா விளிம்பை ஒட்டிக் குறுக்காகவும் கீறி அவ்விரண்டையும் இணைத்தாலன்றி வயிறு விடுபடாது. கொழுப்பு பிதுங்கித் தெரியுமளவு ஆழம் போதும். தசையைத் தொட வேண்டியதில்லை. இரைப்பையில் குழாயிட்டுக் காற்றை வெளியேற்றுவதும், தலைப்பக்கத்தை உயர்த்துவதும் எளிய உபாயங்கள், ஆனால் கீறலுக்கு ஈடாகா. புகையுண்டவரிடத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணையும் நம்பலாகாது. கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமென்றே காட்டும்.

சாத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். புறப்படும்போது பேசிக்கொண்டிருந்தவர் வழியில் மூச்சடைத்துப் போவதற்கு அத்தூரம் தாராளமாகப் போதும். ஆகவே, ஆம்புலன்ஸில் ஏற்றுமுன் போர்வையை விலக்கி மார்பும் வயிறும் அசைவதைக் கண்ணால் பாருங்கள். அசைவு குன்றியிருந்தால் மதுரையைத் தொலைபேசியில் கலந்துகொண்டு இங்கேயே கீறுங்கள். கீறிய நேரத்தை அனுப்புச் சீட்டில் தவறாமல் குறியுங்கள்.