எஸ்டேட் காரும் எஸ்டேட் குடும்பமும்



‘எஸ்டேட் கார்’ என்று ஒரு வகைக் கார் உண்டு. பெயரைக் கேட்டதும் நம் தோட்டத்துத் துரை ஏறிவரும் வண்டி போலும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் பரந்த நிலமும் மாளிகையுமாக வாழ்ந்த பிரபுக்கள், இரயிலடியில் வந்திறங்கும் விருந்தாளிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஏற்றிவர வைத்துக்கொண்ட வண்டி அது. அவர்களுடைய நிலத்துக்கு ‘எஸ்டேட்’ என்று பெயர். வண்டிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்களோ இரயிலடியை நினைத்து ‘ஸ்டேஷன் வேகன்’ என்றார்கள். கூரை பின்பக்கம் வரை நீண்டிருக்கும். பின்னால் அகலமான கதவு. பின் ஆசனத்தை மடக்கிவிட்டால் உள்ளே ஒரு சிறு அறையே கிடைக்கும். நம் நாட்டில் ஒரு காலத்தில் ஆசிரியர்களும் கிராணிமார்களும் வைத்திருந்த மோரிஸ் மைனரிலும் இப்படி ஒரு வகை இருந்தது. ‘டிராவலர்’ என்று பெயர். 1953 முதல் 1971 வரை செய்தார்கள். அதன் பின்பாகத்தைத் தாங்கி நின்றது மரச்சட்டம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா!

எஸ்டேட் காரை எஸ்டேட் மக்கள் தள்ளி நின்று பார்த்த காலம் அது. இன்று நம் லயத்து வாசல்களிலும் கார் நிற்கிறது. ஆகவே எதை வாங்குவது என்ற கேள்வியும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

லெம்பா பெர்த்தாம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கணவனும் மனைவியும் கொழுந்து மலையில் வேலை. மூன்று பிள்ளைகள், பெரியவள் கீழே பட்டணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாமியாருக்கு நடமாட்டம் இல்லை. மடக்கு நாற்காலியில் வைத்து மாதம் ஒருமுறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் போட்ட காய்கறியில் வாரம் நாலைந்து கூடை ரிங்லெட்டுக்குப் போகிறது. கணவருக்கு இன்னும் நான்கு ஆண்டில் வேலை முடிகிறது. அப்போது தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாமான்களோடு இறங்க வேண்டும். கையில் 11,000 வெள்ளி இருக்கிறது. “மகன் தாழ்வான, அழகான கார் கேட்கிறான். அவர் ஏழு பேர் உட்காரும் புது வண்டி என்கிறார். எனக்கு அத்தையின் நாற்காலி ஏறினால் போதும்” என்று முடித்திருக்கிறார்.

சகோதரியே, மூன்று பேரில் காரைச் சரியாகப் பார்த்தவர் நீங்கள்தான். ஏன் என்று சொல்கிறேன்.

கார்க் கடையில் சாமான் இடத்தை லிட்டர் கணக்கில் சொல்வார்கள். 2016இல் வந்த பெரோடுவா பெஸ்ஸாவுக்குப் பின்பெட்டி 508 லிட்டர். 2022இல் வந்த புதிய அல்ஸாவுக்குக் கடைசி வரிசை ஆசனத்தை மடக்கினால் 498 லிட்டர். கணக்குப் பாடத்தில் இதைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் பெஸ்ஸாதான் பெரிது என்று எழுதும். சரி என்று நானும் போடுவேன். ஆனால் ஒரு காய்கறிக் கூடையைக் கொண்டுபோய் இரண்டிலும் வைத்துப் பாருங்கள். பெஸ்ஸாவின் பெட்டி ஆழமானது, வாய் குறுகியது. துணிப்பெட்டிகளை அழகாக அடுக்கலாம். உயரமான கூடையும் விறைப்பான நாற்காலியும் வாயிலேயே இடித்துக்கொண்டு நிற்கும். அல்ஸாவிலோ கதவு கூரை மட்டத்திலிருந்து திறக்கிறது. கூடையை நிற்கவைத்தபடியே உள்ளே தள்ளலாம். குடத்துக்கு வயிறு பெரிது, அண்டாவுக்கு வாய் பெரிது. இட்லி மாவு கரைக்க யாராவது குடத்தை எடுப்பார்களா?

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். தையல் அளவு நாடாவை எடுத்து, நாற்காலியை மடக்கி, அதன் நீளம், உயரம், கனம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கூடையின் உயரத்தையும் எழுதுங்கள். மகளின் பெட்டி, தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் போகும்போது ஏற்றும் காவடிச் சாமான், எல்லாவற்றையும் எழுதுங்கள். காரின் பின்வாயில் அகலம், உயரம், தரையிலிருந்து அதன் விளிம்பு எத்தனை அடி என்று அளந்து ஒத்துப் பாருங்கள். இந்த விளிம்பு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாள் முழுதும் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு, மாலையில் நாற்காலியை இடுப்புக்கு மேல் தூக்கி விளிம்பைத் தாண்டி இறக்குவதென்றால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இனி ஐயா கேட்கும் ஏழு ஆசனத்துக்கு வருவோம். ஏழு பேரும் ஏறினால் அதே அல்ஸாவில் சாமானுக்கு மிஞ்சுவது 137 லிட்டர். சின்னக் காரான மைவியின் பின்பெட்டியே 277 லிட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஏழு பேர் அல்லது நிறையச் சாமான். இரண்டும் சேர்த்து ஒரு சிறிய வண்டியில் இல்லை. இன்னொன்று, எடை. ஆளுக்கு 65 கிலோ என்றாலும் ஏழு பேர் 455 கிலோ. அதற்கு மேல் கூடைகளையும் ஏற்றினால் கம்பெனிக்காரன் குறித்திருக்கும் எடையைத் தாண்டிவிடக் கூடும். அந்த அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது. ஓட்டுநர் கதவுத் தூணில் டயர்க் காற்றுக்கு ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். பாரம் ஏற்றும்போது பின் டயருக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால் அதையும் படித்துவையுங்கள்.

உங்கள் வீட்டில் மூத்தவளையும் சேர்த்து ஆறு பேர். அவள் வருவது விடுமுறைக்குத்தான். மற்ற நாளில் ஐவர். எனவே கடைசி வரிசை மடங்கிக் கிடக்கட்டும். அவள் வரும்போது பாதியை மட்டும் நிமிர்த்தலாம், இரண்டாகப் பிரிந்து மடங்கும் வகையாக இருந்தால். வாங்கும்போது நீங்களே கையால் மடக்கி, நிமிர்த்திப் பாருங்கள். மடக்கியபின் தளம் சமமாக இருக்கிறதா, மேடு தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் மலைக்கு வேண்டிய சில சங்கதிகள் எந்தக் கடை விளம்பரத்திலும் இருக்காது. ஈரத்தில் மேடு ஏறும்போது வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. பின்னால் கூடைகளும் இருந்தால் முன் சக்கரம் இலேசாகிவிடும். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் செம்மண்ணில் அது வெறுமனே சுற்றும். புகை வரும், வண்டி நகராது. பழைய அல்ஸா, புதிய அல்ஸா, மைவி எல்லாம் முன் சக்கரம் இழுப்பவை. 2004இல் நம் நாட்டுக்கு வந்த டொயோட்டா அவான்ஸாவும், 2019இல் வந்த பெரோடுவா அரூஸும் பின் சக்கரம் தள்ளுபவை. பாரம் ஏறினால் அவற்றுக்குப் பிடிப்பு கூடும். ஆகவே உங்கள் லயம் வரை தார்ச்சாலை வருகிறதா, கடைசிக் கால் மைல் மண்சாலையா என்பதைப் பொறுத்தே வண்டி. தார் என்றால் அல்ஸா சுகம். தளம் தாழ்வு, பாட்டியை ஏற்றி இறக்க எளிது. மண் என்றால் அவான்ஸா. அரூஸ் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. குழிக்கு நல்லது, பாட்டிக்குக் கஷ்டம். மகன் கேட்கும் தாழ்வான கார் இரண்டுக்கும் ஆகாது. தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

“லேண்ட்ரோவர் வாங்கிவிட்டால் என்ன?” என்று ஒருவர் கேட்பார். நம் கேமரன் மலையின் அடையாளமே அதுதான், மறுக்கவில்லை. 1948இல் முதன்முதல் வந்தபோது போருக்குப் பின் இரும்புத் தட்டுப்பாடு. அதனால் மேல்தகட்டை அலுமினியத்தில் செய்தார்கள். அதனால்தான் நம் மழையிலும் மேல்தகடு துருப்பிடிக்காமல் முட்டைக்கோசு சுமக்கிறது. ஆனால் நோயாளியைப் பக்கவாட்டுப் பலகையில் உட்காரவைத்து ஈப்போவுக்கும் திரும்பவும் குலுக்கிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

இறக்கத்துக்கும் ஒரு வார்த்தை. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், பெரும்பாலும் வளைவும் இறக்கமும். பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். ஓட்டோ கியராக இருந்தாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றும் வசதி அதில் இருக்கும்; எப்படி என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுக்கும்போது கனமானதை அடியில், ஆசனத்தின் முதுகை ஒட்டி வையுங்கள். எதையும் ஆசனத்தின் தலைக்கு மேல் உயர்த்தி அடுக்க வேண்டாம். நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டாத நாற்காலி, திடீர்ப் பிரேக்கில் முன்னால் இருப்பவர் பிடரியில் வந்து நிற்கும்.

இப்போது பணம். இதுதான் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. புதிய அல்ஸா வந்தபோது அதன் ஆரம்ப விலை 62,500 வெள்ளி. அந்த விலைக்கே கணக்குப் போடுவோம். பத்தில் ஒரு பங்கு முன்பணம் 6,250 போக, கடன் 56,250. ஒன்பது ஆண்டு, அதாவது 108 மாதம் என்று வைத்தால், வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 520 வெள்ளி. வட்டியோடு 600ஐத் தாண்டும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. இருவர் உழைக்கும்வரை எப்படியோ கட்டிவிடலாம். ஆனால் ஐயாவுக்கு வேலை இன்னும் நான்கு ஆண்டுதான். மீதி ஐந்து ஆண்டுத் தவணையை யார் கட்டுவது? அதே சமயத்தில் வீட்டையும் விட்டு இறங்கி, வெளியே வாடகை கொடுக்கவும் வேண்டும். படிக்கிற பெண்ணின் தலையில் அது விழுந்துவிடக் கூடாது. 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியில் எந்த நேரமும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது. “அதில் எடுத்தால் ஆயிற்று” என்று மகன் சொல்லக்கூடும். அந்தப் பணம் நாளை குடிபோகும் வீட்டுக்கு முன்பணமாக வேண்டியது. அதைத் தொடாதீர்கள் என்பதே என் எண்ணம்.

ஆகவே புது வண்டி வேண்டாம். 2009 முதல் 2022 வரை ஓடிய முதல் அல்ஸா, அல்லது பழைய அவான்ஸா, நன்றாகப் பராமரித்த ஒன்றாகப் பாருங்கள். 11,000ஐயும் முழுதாகக் கொடுத்துவிடாமல், டயருக்கும் பிரேக்குக்கும் ஒரு தொகை ஒதுக்கிவைத்து, மீதியை முன்பணமாகக் கட்டுங்கள். கடன் நான்கு ஆண்டுக்குள் முடிய வேண்டும். ஐயாவின் கடைசிச் சம்பளத்தோடு கடைசித் தவணையும் முடிந்தால், சாமான் ஏற்றி இறங்குகிற அன்று வண்டி உங்களுடையதாக இருக்கும். புரோட்டோன் எக்ஸோராவும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், இடமும் தாராளம். ஆனால் கனமான வண்டி, மேடு ஏற எண்ணெய் குடிக்கும்.

பழைய வண்டி என்றதும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி நினைவுக்கு வருகிறது. 2013 அக்டோபரில் இதே லெம்பா பெர்த்தாமில், சுல்தான் அபூபாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்ட அந்த இரவில், சேறும் வெள்ளமும் வீடுகளையும் வாகனங்களையும் என்ன பாடு படுத்தின என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவி, மணம் தெளித்து, தொலைவான ஊரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆசனப் பட்டையை முழுதும் இழுத்துப் பாருங்கள். உட்சுருளில் சேற்றுக் கறை இருக்கும். மாற்றுச் சக்கரம் இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். ஆசனத்தைத் தரையோடு முடுக்கிய ஆணிகளில் துரு இருந்தால் காரணம் கேளுங்கள். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள்ளேயே அடிக்கும் அந்த வாடையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. ‘சம்போங் பாயார்’ என்று ஒரு வியாபாரம் தோட்டங்களிலும் நுழைந்துவிட்டது. வேறொருவர் பெயரில் உள்ள காருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, மீதித் தவணையை நாம் கட்டிக்கொண்டு ஓட்டுவது. பேங்குக்குத் தெரியாமல் செய்யும் இந்தக் கைமாற்று சட்டத்துக்குப் புறம்பானது. கார் பேங்குக்குச் சொந்தம், கடன் இன்னொருவர் பேரில், காப்புறுதியும் அவர் பேரில். உங்கள் பேரில் இருப்பது போன பணம் மட்டுமே. இழுவை லோரி வந்து வண்டியைத் தூக்கினால் கேட்க நாதியில்லை. ஈப்போவிலோ தாப்பாவிலோ கடைக்குப் போகும்போது, பாட்டியின் நாற்காலியை யாருடைய வண்டியிலாவது ஏற்றி உடன் கொண்டுபோங்கள். ஏற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, வண்டிப் பரிசோதனை முடிந்து, ஜேபிஜேயில் உங்கள் பெயருக்கு மாற்றம் ஆகும் வரை, முன்பதிவுப் பணத்துக்கு மேல் ஒரு வெள்ளியும் கையை விட்டுப் போகக் கூடாது. அந்த முன்பதிவுக்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.