டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஒரு சின்ன கோரிக்கை. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பும்போது கையில ஒரு பேப்பர் கொடுக்கறீங்களே, அதுல இன்னும் ஒரே ஒரு வரி சேருங்க: "இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டலாம், பயப்பட வேண்டாம், திரும்ப வளரும்." அவ்ளோதான்.

எனக்குப் பித்தப்பையை எடுத்தாங்க. தையல் எப்போ பிரிக்கணும், எத்தனை நாள் வெயிட் தூக்கக்கூடாது, எண்ணெய்ப் பலகாரம் எப்போ சாப்பிடலாம், எல்லாம் அந்தப் பேப்பர்ல இருந்துச்சு. காயம் ஆறி, 'அப்பாடா'ன்னு உட்கார்ந்த மூணாவது மாசம் முடி கொத்துக் கொத்தா வர ஆரம்பிச்சது. தலையணையில, சீப்புல, கடைசியில சாம்பார்லயும். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாம எடுத்து ஓரமா வெச்சார். வழக்கமா கத்துற மனுஷன் கத்தாததுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு :-)

பிரச்சினையே இந்த மூணு மாச இடைவெளிதான். ஆபரேஷன் மறுநாளே கொட்டினா காரணம் புரியும். தொண்ணூறு நாள் கழிச்சுக் கொட்டினா யாருக்கும் ஆபரேஷன் ஞாபகம் வராது. "போர் தண்ணியா இருக்கும்", "கண்ணு பட்டிருக்கும்", "ஷாம்பூ மாத்து"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ராத்திரி படுத்தா, உள்ளே வேற ஏதோ பெரிய வியாதியை விட்டுட்டாங்களோன்னு மனசு ஓடும்.

விஷயம் ரொம்ப சிம்பிள். நம்ம தலையில சுமார் ஒரு லட்சம் முடி. பத்துல ஒன்பது பங்கு வளர்ந்துகிட்டு இருக்கும், மிச்சம் ஓய்வுல இருக்கும். ஓய்வுக்குப் போன முடி ரெண்டு மூணு மாசத்துல விழும், அந்த இடத்துல புதுசு வரும். அதனாலதான் சாதாரணமாவே தினம் 50லேர்ந்து 100 முடி கொட்டுது. ஆபரேஷன், கடும் ஜுரம், பிரசவம், பட்டினி டயட்னு உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தா, வளர்ற முடியில ஒரு பெரிய கூட்டம் ஒரே சமயத்துல ஓய்வுக்குப் போயிடும். மூணு மாசம் கழிச்சு எல்லாம் ஒண்ணா விழும். வேர் சாகறதில்லை. இதுக்கு 'டெலோஜன் எஃப்ளூவியம்'னு 1961ல பேர் வெச்சவர் ஆல்பர்ட் கிளிக்மேன்ங்கிற அமெரிக்கத் தோல் மருத்துவர்.

நம்ம பாட்டிகளுக்குப் பேர் தெரியாட்டியும் கணக்கு தெரியும். "குழந்தை முகம் பார்த்துச் சிரிச்சா தாய்க்கு முடி கொட்டும்"னு சொல்வாங்களே, அதுவும் இந்த மூணு மாசக் கணக்குதான். 2020, 2021ல கொரோனா வந்து போன வீடுகள்லயும் இதே கதை நடந்துச்சு.

பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள கொட்டறது நின்னுடும். எனக்கும் நின்னுச்சு. முன்நெற்றியில புல்லு முளைச்ச மாதிரி குட்டி முடி நட்டுக்கிட்டு நிக்கும், சீப்புக்கு அடங்காது. மாசத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால பழைய பின்னலுக்கு ரெண்டு மூணு வருஷம் பொறுக்கணும்.

இங்கதான் எண்ணெய் வியாபாரம் உள்ள நுழையுது. பயத்துல நாலாவது மாசம் எண்ணெய் வாங்கறோம், ஏழாவது மாசம் முடி தானா வருது, பேர் எண்ணெய்க்குப் போகுது! எண்ணெயால கெடுதல் இல்லை, தேய்ச்சா சுகம்தான். ஆனா ஆயிரக்கணக்குல கொட்டிக் கொடுக்க வேண்டாம். பயோட்டின் மாத்திரையை டாக்டரைக் கேட்காம முழுங்காதீங்க. அது தைராய்டு மாதிரி சில ரத்தப் பரிசோதனைகளோட முடிவையே மாத்திக் காட்டும்.

எல்லாக் கொட்டலும் இப்படித்தான்னு சொல்ல வரலை. ஆறு மாசம் தாண்டியும் நிக்கலைன்னா, வட்ட வட்டமா சொட்டை விழுந்தா, அரிப்பு, செதில், ரொம்ப அசதி இருந்தா, தோல் டாக்டரைப் பாருங்க. இரும்புச்சத்து, தைராய்டு பார்க்கச் சொல்வாங்க.

"உசிரு பொழைச்சதே பெரிசு, முடிதானே"ன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க. வயித்துல இருக்கிற தழும்பைச் சேலை மறைச்சிடும். நல்லாயிட்டோமான்னு கண்ணாடியில நாம பார்க்கறது முகத்தையும் தலையையும்தான்.

"எல்லாருக்கும் கொட்டாதே, முன்னாடியே சொன்னா பயந்துடுவாங்க"ன்னு டாக்டர்கள் சொல்லலாம். மயக்க மருந்துக்கப்புறம் எல்லாருமா வாந்தி எடுக்கறாங்க? அதைச் சொல்லித்தானே அனுப்பறீங்க? தெரிஞ்சு வர்ற கஷ்டம் பாதிக் கஷ்டம்.

அவங்க சேர்க்கற வரைக்கும் நாமளே சொல்லுவோம் மக்கா. அடுத்த முறை ஆபரேஷன் ஆனவங்களைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிட்டுப் போறப்போ, இந்த ஒரு வரியையும் கொண்டு போங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. கொட்டி முளைச்சவ, அவ்ளோதான் :-)