நெருப்பில்லாத வெல்டிங் முதலில் யாருக்கு வரவேண்டும்?

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

வெயில் ஏறிவிட்டால் மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் பக்கம் ஏசி மெக்கானிக்குகளைப் பிடிக்கவே முடியாது. பாதி வீடுகளில் ஒரே பதில்தான்: "கேஸ் லீக் ஆயிருக்கு மேடம்." கடற்காற்றில் இருக்கும் உப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், செம்பும் அலுமினியமும் சேரும் இடம். விலை குறைய வேண்டும் என்று சில ஏசிகளில் காயிலை அலுமினியத்தில் செய்கிறார்கள். வெளியே வரும் குழாய் செம்பு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். செம்புக்கு 1085 வேண்டும். போதாததற்கு, இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும்போது 548 டிகிரியிலேயே இளகி, ஒன்றோடொன்று கலந்து, தட்டினால் உடையும் ஒரு பொருளாகிவிடும். நெருப்பை வைத்து இவற்றை ஒட்டுவது அவ்வளவு கைப்பக்குவம் கேட்கும் வேலை.

இதற்கு நெருப்பே இல்லாத ஒரு வழி இருக்கிறது. காந்தத் துடிப்பு வெல்டிங் என்று சொல்லலாம்.

"காந்தம் செம்பிலும் அலுமினியத்திலும் ஒட்டாதே டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு இப்போதும் முழு மதிப்பெண். ஆணியில் கம்பி சுற்றி, பாட்டரியில் கொடுத்து, குண்டூசி தூக்கிய வகுப்பை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த படி இது. ஒரு செம்புக் குழாயை நிமிர்த்திப் பிடித்து, உள்ளே சின்ன நியோடிமியம் காந்தத்தைப் போடுங்கள். பொத்தென்று விழாது; யாரோ கையில் தாங்கிக் கொண்டுவருவது போல மெதுவாக இறங்கும். காந்தம் நகரும்போது குழாய்க்குள் மின்சாரம் சுழலும். அந்த மின்சாரமே தன்னை உண்டாக்கிய காந்தத்தை எதிர்க்கும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் செய்து காட்டுங்கள்.

அந்த எதிர்ப்பைத்தான் பெரிதாக்குகிறார்கள். பெரிய பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, ஒரு காயிலுக்குள் ஒரே மூச்சில் கொட்டுகிறார்கள். நம் வீட்டு ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். இங்கே லட்சக்கணக்கான ஆம்பியர், அதுவும் ஒரு விநாடியை லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கு நேரத்துக்குள். காயிலுக்கு நடுவே ஒரு குழாய், அதற்குள் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு குழாய். வெளிக்குழாய் உள்ளே தள்ளப்பட்டு, விநாடிக்கு 300 மீட்டர் போன்ற வேகத்தில் உள்குழாயில் மோதும். மோதும் வேகத்தில் மேற்பரப்பில் இருக்கும் ஆக்சைடு படலம் பீறிட்டு வெளியே போய்விட, சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் இறுகிக்கொள்ளும். வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், பெசன்ட் நகர் மணலில் அலை விட்டுப்போன வரிகள் போலச் சேர்ந்த இடம் நெளிநெளியாகத் தெரியும். பற்றுப்பொடி கிடையாது, புகை கிடையாது. வேலை முடிந்ததும் பெரும்பாலும் கையால் எடுத்துவிடலாம்.

நேற்று வந்த விஷயமும் இல்லை. 1960களின் இறுதியிலிருந்தே சோவியத் கூர்ச்சாட்டோவ் நிலையத்தில் அணு உலை எரிபொருள் குழாய்களின் வாயை அடைக்க இதை முயன்றார்கள். நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இதற்கான கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டில் கார் டிரைவ் ஷாஃப்ட்டின் அலுமினியக் குழாயையும் எஃகு முனையையும் இப்படிச் சேர்த்திருக்கிறார்கள்.

இனி என் கருத்து. இந்த நுட்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உறுதி, வேகம், செலவு என்று கணக்குப் போடுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவரின் மூச்சை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

தி.நகரில் நகை வாங்கிய எல்லோருக்கும் 'கேடிஎம்' என்ற சொல் தெரியும். அது காட்மியம். பற்றுப்பொடியில் அதைச் சேர்த்தால் தங்கத்தின் மாற்று குறையாது. சூட்டில் காட்மியம் ஆவியாகிவிடும். ஆவி எங்கே போகும்? ஊதுகுழலை வாயில் வைத்திருந்த பொற்கொல்லரின் நுரையீரலுக்குத்தான். நமக்குச் சுத்தத் தங்கம், அவருக்கு நஞ்சு. காட்மியம் இல்லாத பொடிக்கு மாறச் சொன்னது அதன் பிறகுதான். வெல்டிங் புகையையும் 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்தது. புகையிலைப் புகையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. (ஆபத்தின் அளவு ஒன்று என்று அர்த்தமில்லை, ஆதாரத்தின் உறுதி ஒன்று.)

என்னிடம் படித்த ஒருவர் ஏசி வேலை செய்கிறார். இதை விளக்கியபோது, "மிஷின் வந்தா எங்க பொழப்பு என்ன ஆகும் டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி. அவர் பிழைப்பை இது தொடாது. உங்கள் வீட்டு பால்கனிக்கு இந்த மிஷினைத் தூக்கி வர முடியாது. கிரில் கேட்டும் செய்ய முடியாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் குழாய், தகடு இவற்றுக்குத்தான் சரி. குழாயின் அளவுக்கேற்ப காயிலும் மாற வேண்டும், அது தேய்ந்தும் போகும். ஆனால் ஒரு முனை செம்பு, மறு முனை அலுமினியம் என்று பட்டறையிலேயே சேர்த்த துண்டுக்குழாய் அவர் பையில் இருந்தால், செம்பைச் செம்போடும் அலுமினியத்தை அலுமினியத்தோடும் சேர்த்தால் போதும். தொல்லை பிடித்த இணைப்பை அவர் தொட வேண்டியதில்லை. அந்த இடத்தில் உப்புக்காற்று படாமல் மூடிவைக்க மட்டும் மறக்கக் கூடாது. இரண்டு உலோகம் சேர்ந்த இடத்தை ஈரமும் உப்பும் அரிக்கும், எப்படி ஒட்டினாலும்.

அந்தத் துண்டுக்குழாயை யார் செய்வது? பெரிய கம்பெனி மட்டும்தான் என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை. விலை அதிகம் என்பதால், புகை அதிகம் இருக்கும் சிறு பட்டறைக்கு இது கடைசியாகத்தான் போய்ச் சேரும். கிண்டியில் தொழிற்பேட்டை இருக்கிறது, அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. இருக்கிறது. மூன்றும் சைக்கிள் தூரம். சிறு தொழில்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டமும் உண்டு. ஒரே ஒரு மிஷினைத் தொழிற்பேட்டையில் வைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடட்டும். வெல்டர் பிரிவில் ஓராண்டு படிக்கும் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் காயில் மாட்ட, இடைவெளி அளக்க, சேர்ந்த இடத்தை வெட்டிச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். "பையன் ஐ.டி.ஐ.தான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் உறவுக்காரர்களுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

கிண்டியில் பட்டறை வைத்திருப்பவர்கள், ஐ.ஐ.டி.யில் இருப்பவர்கள், ஏசி கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர்கள் என்று என் பிள்ளைகள் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். அப்படி ஒரு மிஷின் வந்தால் மாதத்துக்கு எத்தனை துண்டு ஆர்டர் கொடுப்பீர்கள்? கீழே எண்ணிக்கையோடு எழுதுங்கள். வெறும் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.